மண்சரிவு: மழை விட்ட பின்னரும் தொடரும் அபாயம்

க.பொ.த. (சா/த) புவியியல் – இயற்கை அனர்த்தங்கள்

1. வரைவிலக்கணம்
சாய்வான நிலத்திலுள்ள மண், பாறை என்பன புவியீர்ப்பினால் கீழ்நோக்கி நகர்தல் மண்சரிவு எனப்படும். குளிர்நாட்டு மலைகளில் புயலின் பின் ஏற்படும் பனிச்சரிவுக்கும் புவியீர்ப்பே காரணமாகும்.

2. ஏற்படும் விதம்
சாய்வில் மண்ணைப் பிடித்து வைத்திருப்பவை உராய்வும் துணிக்கைகளின் பிணைப்பும் ஆகும். கடும் மழையின்போது ஊடுவடியும் நீர்,
(i) மண்ணின் நிறையைக் கூட்டுகிறது.
(ii) துளைநீர் அமுக்கத்தை அதிகரித்து உராய்வைக் குறைக்கிறது.

மலை வெட்டி வீடு, வீதி அமைத்தல், காடழித்தல், வடிகாலை அடைத்தல் ஆகிய மானிடச் செயல்கள் அபாயத்தைக் கூட்டும்.

கவனிக்க: நீர் ஆழத்துக்கு இறங்க நேரம் எடுக்கும். ஆகவே மழை ஓய்ந்து வெயில் எறித்த பின்னரும் மண் சரியலாம். இதனை விடையில் எழுதத் தவறாதீர்கள்.

3. உதாரணங்கள்
• 2014.10.29 – பதுளை மாவட்டம், கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டம். லயன் வீடுகள் புதையுண்டன.
• 2016.05.17 – கேகாலை மாவட்டம், அரநாயக்க.
• 2025 நவம்பர் – டித்வா சூறாவளி. நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கண்டி மாவட்டம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது.

4. முன்னறிகுறிகள்
• நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்புகள்
• மரங்கள், மின்கம்பங்கள் சாய்தல்
• கதவு, யன்னல் இறுகுதல்
• புதிய ஊற்று தோன்றுதல், இருந்த ஊற்று திடீரென வற்றுதல், நீர் சேறாக வருதல்

5. எச்சரிக்கை மட்டங்கள்
தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணிநேர மழைவீழ்ச்சியையும் கருத்திற் கொண்டு இவற்றை வெளியிடுகிறது.
மஞ்சள் (75 மி.மீ. கடந்தால்) – விழிப்பாயிருத்தல்
செம்மஞ்சள் (100 மி.மீ. கடந்தால்) – வெளியேற ஆயத்தமாதல்
சிவப்பு (150 மி.மீ. கடந்தால்) – உடன் வெளியேறல்

அறிகுறி தென்பட்டால் எச்சரிக்கை வரும்வரை காத்திராது வெளியேறி, கிராம அலுவலருக்கோ 117 இலக்கத்துக்கோ அறிவிக்க வேண்டும். மழை விட்டது என்பதற்காக வீடு திரும்பக் கூடாது. அதிகாரிகள் அனுமதித்த பின்னரே திரும்ப வேண்டும்.

மாதிரி வினா
மீரியபெத்த அனர்த்தத்திலிருந்து கற்கக்கூடிய பாடம் யாது? (4 புள்ளிகள்)

விடை
அங்கு அபாயம் உண்டென 2005, 2011ஆம் ஆண்டுகளிலேயே எச்சரிக்கப்பட்டிருந்தது. எனினும் மக்கள் பாதுகாப்பான இடத்தில் குடியமர்த்தப்படவில்லை. சொந்தக் காணியற்ற தோட்டத் தொழிலாளரால் தாமாக இடம்பெயர்வது கடினம். எனவே எச்சரிக்கையுடன் மாற்றுக் காணியும் வீடும் வழங்கினாலே உயிர்களைக் காக்கலாம்.

பயிற்சி: உங்கள் வீட்டிலிருந்து பாதுகாப்பான இடத்துக்குச் செல்லும் பாதையை வரைந்து, வீட்டாருக்கும் காட்டுக.