வளர்ந்தவர்களுக்குப் பால் தேவையா?

கல்முனைப் பகுதியில் பெண்கள் சேமிப்புக் குழுவொன்றின் மாதாந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பும் வேளையில் அறுபது வயது தாண்டிய ஒரு தாய் என்னை நிறுத்தினார். “ஃபாதர், ராவைக்கு ஒரு கிளாஸ் பால் கரைச்சித் தாறாங்க. குடிச்சா வயிறு பொருமி விடியும் வரைக்கும் நித்திரையில்ல. குடிக்காட்டி எலும்பு தேயுமாம். நான் என்ன செய்யிற?” என்று கேட்டார். பக்கத்தில் நின்ற மகளோ, “உம்மாவுக்கெண்டே பால்மா வாங்கிறம், அவ குடிக்கிறல்ல” என்று குறைப்பட்டார்.

தாயும் மகளும் சொன்னவை இரண்டும் நியாயமே. இவ்வினா பல வீடுகளில் உள்ளது. எனவே இம்முறை பாடமாக இதனையே எடுத்துக்கொள்வோம்.

பாலில் என்ன இருக்கிறது?

100 மில்லிலீற்றர் பசுப்பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் கல்சியமும், 3 கிராமுக்குச் சற்றுக் கூடுதலான புரதமும் உண்டு. பீ12 முதலிய விற்றமின்களும் உண்டு. எருமைப்பாலில் கொழுப்பு 7 சதவீதமளவில் இருக்கும்; பசுப்பாலை விட இது ஏறத்தாழ இருமடங்கு. பால் நல்ல உணவு என்பதில் ஐயமில்லை. ஆனால், நல்ல உணவு என்பது வேறு, அது இல்லாமல் வாழ முடியாது என்பது வேறு. இந்த வேறுபாட்டை மறந்ததனால்தான் குழப்பம் வருகிறது.

வயிறு பொருமுவது ஏன்?

பாலில் லக்டோஸ் என்னும் ஒருவகைச் சீனி உண்டு. இதனைச் சமிக்கச் செய்யும் நொதியம் லக்டேஸ் எனப்படும். இது சிறுகுடலில் சுரக்கிறது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அது தாராளமாகச் சுரக்கும். பால்குடி மறந்து வளர வளர, பெரும்பாலான மனிதருக்கு அச்சுரப்பு குறைந்துவிடுகிறது. அப்போது சமிபாடடையாத சீனி பெருங்குடலுக்குச் சென்று, அங்குள்ள பற்றீரியாக்களால் புளிக்கிறது. வாயு உண்டாகி வயிறு பொருமுகிறது. சிலருக்கு வயிற்றோட்டமும் ஏற்படுகிறது.

இது நோயல்ல. உலகின் வளர்ந்தோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இவ்வாறானவர்களே. வட ஐரோப்பியரிலும் வடமேற்கு இந்தியரிலும், மாடு வளர்த்து வாழ்ந்த வேறு சில மக்களிலும், வயது வந்த பின்பும் லக்டேஸ் சுரக்கும் இயல்பு பரம்பரையாக அதிகம் உண்டு. தெற்கே வர வர அது குறைகிறது. ஆகவே, “எனக்குப் பால் ஒத்துவராது” என்று நம் தாய்மார் சொல்லும்போது அதனைச் சாட்டு என்று தள்ளிவிடக் கூடாது.

அதற்காக ஒரு துளியும் ஆகாது என்பதுமில்லை. இத்தகையோரிற் பெரும்பாலானோர் ஒரே தடவையில் 12 கிராம் வரையான லக்டோஸை, அதாவது ஏறத்தாழ ஒரு கிளாஸ் பாலை, பெரிய தொல்லையின்றித் தாங்குவர் என ஆய்வுகள் காட்டுகின்றன. வெறும் வயிற்றில் அன்றிச் சாப்பாட்டோடு எடுத்தால் இன்னும் இலகு. ஆயினும் ஆளுக்கு ஆள் அளவு மாறும். இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பார்த்து, பின்பு அரைக் கிளாஸில் தொடங்கினால் தம் அளவு எது என்று அவரவரே கண்டறியலாம். நிறை குறைதல், மலத்தில் இரத்தம் போன்றவை இருந்தால் வீட்டில் சோதனை செய்துகொண்டிராமல் வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

தயிர் தரும் விடை

மொங்கோலிய மக்களில் மிகப் பெரும்பாலானோருக்கு வளர்ந்த பின் லக்டேஸ் சுரப்பதில்லை. ஆனால் அவர்களுடைய உணவில் பாற்பொருட்கள் ஏராளம். பாலைப் புளிக்க வைத்தே அவர்கள் பெரிதும் உண்கிறார்கள். நமது முன்னோரும் வேறு வழியில் அதே அறிவைப் பெற்றிருந்தனர். சட்டித் தயிர் அதற்குச் சாட்சி.

பால் தயிராகும்போது லக்டோஸின் ஒரு பகுதி புளிப்பாக மாறிவிடுகிறது. தயிரிலுள்ள உயிருள்ள பற்றீரியாக்கள் மிச்சத்தையும் குடலில் சமிக்க உதவுகின்றன. கல்சியமும் புரதமும் குறைவதில்லை. சஹனில் சோறுண்டு முடியத் தயிர் பரிமாறும் வழக்கம் சுவைக்காக மட்டும் வந்ததன்று என்றே தோன்றுகிறது. ஆனால் அதன்மேல் சீனியை அள்ளிப் போடுவது இவ்வழக்கத்தின் நன்மையைக் கெடுத்துவிடும். நீரிழிவுள்ளோர் சீனியின்றியே உண்ணப் பழக வேண்டும்.

பச்சைப் பாலை எவரும் குடிக்கலாகாது. நன்கு கொதிக்க வைத்த பின்பே குடிக்கவோ உறை ஊற்றவோ வேண்டும். மாடுகளிலிருந்து மனிதருக்குத் தொற்றும் புருசெல்லோசிஸ் போன்ற காய்ச்சல்கள் பச்சைப் பால் வழியாகவும் வரும்.

எலும்புக்குப் பால் ஒன்றுதானா?

வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் அளவில் கல்சியம் வேண்டும் என்பது இன்றைய பரிந்துரை. அதனைப் பாலிலிருந்துதான் பெற வேண்டும் என்ற விதியில்லை. முள்ளோடு உண்ணும் நெத்தலி, கடற்கரையில் வாழும் நமக்குக் கிடைத்த கொடை. 100 கிராம் குரக்கனில் 350 மில்லிகிராம் அளவில் கல்சியம் உண்டு. முருங்கை இலையிலும் எள்ளிலும் நிறைய உண்டு. கல்சியம் உடம்பில் சேர விற்றமின் டீ வேண்டும். அதற்கு வெயில் வேண்டும். நடையும் உடலுழைப்பும் இல்லாத எலும்பைப் பால் மட்டும் காப்பாற்றாது.

ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. 2014ஆம் ஆண்டு வெளிவந்த சுவீடன் நாட்டு ஆய்வொன்றில், தினமும் மூன்று கிளாஸும் அதற்கு மேலும் பால் குடித்த பெண்களுக்கு எலும்பு முறிவு குறைவாகக் காணப்படவில்லை. 2018இல் வெளியான, 21 நாடுகளைச் சேர்ந்த பெரிய ஆய்வொன்றிலோ, பாற்பொருட்களை அளவாக உண்டவர்களிடையே இருதய நோயும் மரணமும் குறைவாகக் காணப்பட்டன. இரண்டும் மக்களின் பழக்கத்தைக் கவனித்துச் செய்தவை. இதுதான் காரணம் என்று நிரூபித்தவை அல்ல. பால் நஞ்சுமல்ல, கட்டாய மருந்துமல்ல என்பதே நாம் பெறக்கூடிய பாடம்.

பால்மாவும் வீட்டுக் கணக்கும்

நம் நாட்டில் பால் என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது பால்மாப் பக்கெற்றே. அதன் பெரும்பகுதி கப்பலில் வருவது. 400 கிராம் பக்கெற் 2021 ஒக்டோபரில் 480 ரூபாவாயிற்று. 2022 மார்ச்சில் 790 ரூபாவாயிற்று. டொலர் இல்லாமற் போனதும் பால்மாவுக்காக வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை.

ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கு 10 கிராம் பால்மா போட்டால் 90 மில்லிகிராம் அளவில் கல்சியம் கிடைக்கும். அதே கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி போடுகிறோம். மூன்று கோப்பை குடித்தால் சீனி 25 கிராமைத் தொடும். ஒரு நாளைக்கு அதற்குள் நிற்பதே நல்லது என உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு அது. அத்துடன் சோற்றோடு தேத்தண்ணி குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறைகிறது. ஆகவே பால் குடிக்கிறோம் என்ற எண்ணத்தில் நாம் குடிப்பது பெரும்பாலும் சீனியே.

இருக்கும் பணம் கொஞ்சமென்றால் முதலில் யாருக்கு? கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலே உணவு. ஆறு மாதம் வரை அது மட்டுமே. பின்பு மற்ற உணவோடு இரண்டு வயது வரையும் அதற்கப்பாலும். குர்ஆனும் தாய்ப்பாலூட்டலுக்கு முழு இரண்டு ஆண்டுகளைக் குறிப்பிடுகிறது. அடுத்து வளரும் பிள்ளைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார். அவர்களுக்குப் பின்பே நம்மைப் போன்ற வளர்ந்தவர்கள்.

வளர்ந்தவர்களின் பங்குக்கு நம் மாவட்டத்துத் தயிர் இருக்கிறது. பெரும்போகத்தில் வயல் விதைத்ததும் மாட்டுப் பட்டிகள் மேய்ச்சல் தரைகளுக்குப் போகின்றன. அறுவடை முடிய வயலுக்குத் திரும்புகின்றன. பட்டிக்காரர் தமிழராயினும் முஸ்லிமாயினும் சிங்களவராயினும், அவரிடம் ஒரு சட்டித் தயிர் வாங்கினால் அப்பணம் இந்த மண்ணிலேயே சுற்றும். மேய்ச்சல் தரைகள் சுருங்கினால் தயிரும் சுருங்கும் என்பதை நுகர்வோரும் உணர வேண்டும்.

அந்தத் தாய்க்குச் சொன்னது இதுதான்: இராப் பாலை விடுங்கள். பகல் சோற்றோடு சீனியில்லாத் தயிர் கொஞ்சம் சேருங்கள். நெத்தலியை முள்ளோடு உண்ணுங்கள். காலை வெயிலில் முற்றத்தில் நடவுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் அவர், “இப்ப நித்திரை வருது ஃபாதர்” என்றார். மகள் சிரித்துக்கொண்டு, “பால்மா இப்ப வயித்துப் பிள்ளைக்காரி தங்கச்சிக்குப் போகுது” என்றார். ஒரு வீட்டில் பால் உரிய இடத்தைச் சேர்ந்துவிட்டது.

குழுவில் கலந்துரையாட:

1. எமது வீட்டில் ஒரு மாதத்துக்குப் பால்மாவுக்கும் சீனிக்கும் எவ்வளவு செலவாகிறது? அதனைக் குடிப்பவர்கள் யார்?

2. எமது ஊரில் மலிவாகக் கிடைக்கும் கல்சிய உணவுகள் எவை? அவற்றில் நாம் கைவிட்டவை எவை?

3. பட்டிக்காரரிடமிருந்து நேரடியாகப் பாலும் தயிரும் பெற, எமது குழு என்ன ஒழுங்கு செய்யலாம்?