வெள்ளைப் பந்தின் கறுப்பு விளிம்பு

கணிப்பொறித் திரையில் ஒரு வெள்ளைப் பந்தை வரைகிறோம். விளிம்பு வழுவழுப்பாக இருக்கிறது. அடிக்கடி வரையாமலிருக்க, அதே பந்தை நினைவகத்திலுள்ள ஒரு வெற்றுப்படத்தில் ஒரு முறை வரைந்து வைத்துக்கொள்கிறோம். இத்தகைய படத்திற்கு டெக்ஸ்சர் என்று பெயர். பிறகு அதை எடுத்து வெள்ளைப் பின்னணியில் ஒட்டுகிறோம். வெள்ளைமேல் வெள்ளை, எதுவுமே தெரியக் கூடாதல்லவா? ஆனால் மெல்லிய சாம்பல் வளையம் ஒன்று தெரிகிறது!

விளிம்பைச் சிறிது வெட்டிவிட்டால் போயிற்று என்பார் உண்டு. பல்வலிக்குப் பல்லைப் பிடுங்குவது போன்ற வைத்தியம் அது. காரணத்தைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம்.

பந்தின் விளிம்பிலுள்ள ஒரு படப்புள்ளியைப் பந்து பாதியளவே மறைக்கிறது என்க. இந்த மறைப்பளவுக்கு ஆல்ஃபா என்று பெயர். இங்கு அது 0.5. கலப்பதற்கான வழக்கமான விதி இது: புதிய நிறத்தை ஆல்ஃபாவால் பெருக்கு, பழைய நிறத்தை எஞ்சிய பங்கால் பெருக்கு, இரண்டையும் கூட்டு. வெள்ளையின் எண் 255. வெற்றுப்படமோ கறுப்பு, அதன் எண் 0, ஆல்ஃபாவும் 0. எனவே அப்புள்ளியில் பதிவாகும் நிறம் 255 × 0.5, அதாவது ஏறத்தாழ 128. அதே விதி ஆல்ஃபாவின்மீதும் பாய்கிறது: 0.5 × 0.5 = 0.25. பாதி மறைப்பு கால் மறைப்பாகிவிட்டது!

இப்படத்தைத் திரையில் ஒட்டும்போது மறுபடியும் பெருக்கல். 128 × 0.25 = 32; பின்னணியின் பங்கு 255 × 0.75 = 191. கூட்டினால் 223. வர வேண்டியது 255. சாம்பல் வளையம் இதுதான்.

ஐயம் இருந்தால் ஒரு சோதனை செய்க. வெற்றுப்படத்தை, ஆல்ஃபாவை 0 ஆகவே வைத்து, கறுப்புக்குப் பதில் சிவப்பால் நிரப்புங்கள். வளையம் இளஞ்சிவப்பானால், வெற்றுப்படத்தின் நிறமே விளிம்பில் கசிந்திருக்கிறது என்பது உறுதி.

பரிகாரத்திற்கு அடிப்படை பழையது. அமெரிக்காவில் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தில் பணியாற்றிய தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் 1984-ல் வெளியிட்ட கட்டுரையில், நிறத்தை ஆல்ஃபாவால் முன்பே பெருக்கி வைத்துக்கொள்ளும் முறையை விளக்கினர். நம் டெக்ஸ்சரில் 128 என்பது அப்படிப் பெருக்கப்பட்ட எண்தானே! ஆகவே ஒட்டும்போது அதை மீண்டும் பெருக்கலாகாது. பின்னணியை மட்டும் எஞ்சிய பங்கால் பெருக்கிக் கூட்ட வேண்டும். அத்துடன், டெக்ஸ்சரில் வரையும்போது ஆல்ஃபாவுக்குத் தனி விதி தேவை: புதிய ஆல்ஃபாவைப் பெருக்காமல் அப்படியே எடுத்துக்கொள்வது. ஓப்பன்ஜிஎல் போன்ற வரைகலைத் தொகுப்புகளில் நிறத்திற்கும் ஆல்ஃபாவுக்கும் தனித்தனி விதி கொடுக்க வசதி உண்டு. இப்போது கணக்கு: 128 + 255 × 0.5. விடை 255; வளையம் மறைகிறது.

ஓர் எச்சரிக்கை. பிஎன்ஜி கோப்புகளில் நிறம் பெருக்கப்படாமலே இருக்கும். அவற்றைப் புதிய விதிப்படி அப்படியே ஒட்டினால் கறுப்பு வளையத்திற்குப் பதில் வெளிச்ச வளையம் தோன்றும். படிக்கும்போதே ஒரு முறை பெருக்கிக்கொள்ள வேண்டும்.