சுவாச நோயும் பரம்பரை முதுசமும்

ஒரே கூரையின் கீழ் வாழ்வோருள் ஒருவர் இரு நாள் தடிமனோடு எழுந்துவிட, மற்றவர் மூச்செடுக்க இயலாது மருத்துவமனை புகுதலை, 2020இல் உலகெங்கும் பரவிய கொவிட்-19 நோய்க்காலத்திற் பலருங் கண்டனர். முதுமையும் நீரிழிவு போன்ற நாட்பட்ட நோய்களும் இவ்வேறுபாட்டிற்குப் பெருங் காரணங்களாம். எனினும், உடல்நலம் வாய்ந்த இளைஞர் சிலரும் வீழ்ந்தமைக்குக் காரணம் யாது? விடையின் ஒரு பகுதி பரம்பரையலகுகளில் உளது.

முதற்கண் உடலின் காவல் முறையை நோக்குவோம். வைரசு ஒரு கலத்தினுட் புகுந்ததும், அக்கலம் இன்டர்பெரோன் என்னும் புரதத்தைச் சுரந்து அயற்கலங்களை எச்சரிக்கின்றது. ஊரெல்லையில் முழங்கும் பறையை ஒப்பது இது. ஐசக்சு, இலிண்டன்மன் என்னும் இருவர் 1957இல் இலண்டனில் இதனைக் கண்டறிந்தனர். பறை முழங்காவிடின் ஊர் துயிலும். பகைவன் தடையின்றி உட்புகுவான். கொவிட் நோயாற் கடுமையாகப் பீடிக்கப்பட்ட 659 பேரை 2020இல் ஆராய்ந்தபோது, 23 பேரிடம் இக்காவலுக்குரிய பரம்பரையலகுகளிற் குறைபாடு காணப்பட்டது.

இஃது அரிதாய் நிகழ்வது. பலரிடத்துங் காணப்படும் வேறுபாடும் ஒன்றுண்டு. இத்தாலியிலும் இசுப்பெயினிலும் நோயாளரை ஆராய்ந்தோர், மூன்றாம் நிறமூர்த்தத்தின் ஒரு துண்டம் நோயின் கடுமையோடு தொடர்புடையதென அவ்வாண்டிலேயே கண்டனர். பின்னர் 2022இல் நோபெல் பரிசு பெற்ற சுவாந்தே பேபோவும் அவர்தம் துணைவர் சீபேர்க்கும், அத்துண்டம் மறைந்தொழிந்த நியண்டதால் மாந்தரிடமிருந்து ஏறத்தாழ 60,000 ஆண்டுகளுக்கு முன் வந்ததெனக் காட்டினர். ஐரோப்பியருள் நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேரும், தென்னாசியருள் ஏறத்தாழ 50 பேரும் இதனைத் தாங்கியுள்ளனர். ஆதலின் இஃது அயலார் செய்தியன்று.

ஆயின், அதே மாந்தர் விட்டுச்சென்ற பிறிதொரு துண்டம் பன்னிரண்டாம் நிறமூர்த்தத்தில் உளது. அது தீவிர சிகிச்சை வேண்டிவரும் இடரை நூற்றுக்கு ஏறத்தாழ 22 பங்கு குறைக்கின்றதென 2021இல் அறியப்பட்டது. முதுசமாய் வருவதிற் காணியும் உண்டு; கடனும் உண்டு.

இங்கு மாணவர் இரு பிழைகளைத் தவிர்த்தல் வேண்டும். முதலாவது, பரம்பரையே முடிவென்று கைகட்டியிருத்தல். அத்துண்டத்தைத் தாங்கியோருள் மிகப் பலர் நோய் கடுமையாகாது தேறினர். அஃது இடரைக் கூட்டுமேயன்றித் தீர்ப்பு வழங்காது. தடுப்பூசியோ அதனைத் தாங்கியோர்க்கும் தாங்காதோர்க்கும் அரண் ஆகும். இரண்டாவது, இறந்தோரின் உற்றாரை நோக்கி, "கவனமின்மையால் வந்த வினை" என்று கூறுதல். ஒருவர் தெரிந்தெடுக்காத முதுசத்திற்கு அவரைக் குற்றஞ் சாட்டுதல் அறிவுமன்று, அறமுமன்று.

ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். முன்னதை அறிந்து பின்னதைக் கைக்கொள்ளுதலே கற்றார் கடனாகும்.