கேஷுவால்ட்டி டாக்டரின் பேனா

புதிதாக கேஷுவால்ட்டி டியூட்டிக்கு வரும் டாக்டருக்குத் தையல் போடக் கை பழகியிருக்கும். ஏ.ஆர். புத்தகத்தைத் திறந்ததும்தான் அந்தக் கை தயங்கும். விபத்துப் பதிவேட்டில் இன்று எழுதுவது சில வருடம் கழித்து கோர்ட்டில் வாசிக்கப்படும் என்று தெரிந்தால் தயக்கம் வரத்தான் செய்யும். அதைப் போக்கத் தெரிந்துகொள்ள வேண்டியவை அதிகமில்லை.

சிகிச்சைதான் முதல் வேலை. "போலீஸ் வரட்டும்", "எஃப்.ஐ.ஆர். காப்பி கொண்டு வாங்க" என்று காத்திருக்க வைக்க எந்த டாக்டருக்கும் உரிமை இல்லை. 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்துவிட்டது. அரசு, தனியார் என்ற வேறுபாடும் இதில் கிடையாது. பாலியல் வன்கொடுமைக்கோ ஆசிட் வீச்சுக்கோ ஆளானவருக்கு இலவச முதலுதவியும் சிகிச்சையும் தர மறுத்தால், மருத்துவமனைப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

அடுத்தது பதிவு. யார் அழைத்து வந்தார், எப்போது, சம்பவத்தைச் சொன்னது யார், நோயாளி நினைவோடு இருந்தாரா, இரண்டு அங்க அடையாளங்கள் என்று வரிசையாக எழுதுங்கள். "தெரிந்த நபர்கள் மூன்று பேர், அரிவாளால், இரவு 8 மணிக்கு" என்று நோயாளி சொன்னால் அப்படியே எழுதுங்கள். எஃப்.ஐ.ஆரில் ஐந்து பேர் என்று இருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் 'மூன்று' என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு குடைவார். அது உங்கள் கவலை இல்லை. கேட்டதை எழுதினீர்கள், அவ்வளவுதான். மறுநாள் காலை சொந்தக்காரர்கள் வந்து, "சார், இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்துடுங்க" என்றால் பேனாவைத் தொடாதீர்கள். உண்மையிலேயே திருத்தம் வேண்டுமென்றால் ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் போடுங்கள்.

காயத்தை அளந்து எழுதுங்கள். 'தலையில் பெரிய காயம்' என்பது யாருக்கும் பயன்படாது. நீளம், அகலம், ஆழம், எந்த எலும்புக்கு மேல் என்பவை வேண்டும். தலைக்காயத்தில் ஏமாறுவது சுலபம். மண்டையோட்டின் மேல் தோல் இழுத்துப் பிடித்திருப்பதால், கட்டையால் அடித்தாலும் கத்தியால் வெட்டியதுபோல நேராகப் பிளக்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஓரம் நசுங்கி, முடிவேர்கள் சிதைந்திருந்தால் அது கிழிகாயம். இதை மாற்றி எழுதினால் கட்டை அரிவாளாகிவிடும். வழக்கே தடம் மாறிவிடும்.

சாதாரணக் காயமா, கொடுங்காயமா என்று அவசரப்பட்டு எழுதாதீர்கள். எலும்பு முறிவு சந்தேகம் இருந்தால் எக்ஸ்-ரே வரும்வரை கருத்தை நிறுத்திவையுங்கள். கடும் வலியோடு, அன்றாட வேலை செய்ய முடியாமல் இருந்தால் கொடுங்காயம் என்பதற்குப் பழைய சட்டத்தில் 20 நாள் கணக்கு. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 15 நாள். பழைய பாடப்புத்தகத்தை நம்பி 20 நாள் என்று எழுதிவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட நெஞ்சுரம் வேண்டிய இடம் ரிமாண்ட் சான்றிதழ். போலீஸார் கைதானவரை அழைத்து வந்து, "சீக்கிரம் ஃபிட்னெஸ் போடுங்க டாக்டர், மாஜிஸ்திரேட் காத்திருக்கார்" என்பார்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் அரசு மருத்துவமனையில் சான்று பெற்ற பிறகே சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். காவல் நிலையத்தில் கொடூரமாகத் தாக்கப்பட்டார்கள் என்பது சி.பி.ஐ.யின் குற்றப்பத்திரிகை. ஆடையைக் களையச் சொல்லி முதுகு, பின்புறம், தொடை, உள்ளங்கால் வரை பார்ப்பது உங்கள் கடமை. காயங்களையும் அவை ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்தையும் குறித்து, அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் சொல்பவருக்கோ தரவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. போலீஸாரைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, "யாராவது அடிச்சாங்களா?" என்று கேளுங்கள். அந்த நிமிடத்தில் அவருக்கு உங்களைவிட்டால் வேறு ஆள் இல்லை. அனுப்பத் தகுதி இல்லை என்றால் அட்மிஷன் போடுங்கள். எஸ்கார்ட் போலீஸ் வார்டிலேயே காவல் இருக்கட்டும்.

இன்னொரு சிக்கல், கர்ப்பமாக வரும் 18 வயது நிறையாத பெண். "கேஸ் வேண்டாம் டாக்டர், ஊர்ல மானம் போயிடும்" என்று அம்மா கையெடுத்துக் கும்பிடுவார். போக்சோ சட்டப்படி தகவல் தராமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை. ஆனால் புகாருக்குப் பயந்து அவர்கள் போலி மருத்துவரிடம் போனால் பெண்ணின் உயிருக்கே ஆபத்து. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி காட்டியது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போலீஸுக்குத் தரும் தகவலில் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் விட்டுவிடலாம். இதைக் குடும்பத்துக்கு நிதானமாக விளக்குங்கள். தெரியாமல் பயந்து ஓடுபவர்களே அதிகம். பாலியல் வன்கொடுமைப் பரிசோதனையில் இருவிரல் சோதனை கூடவே கூடாது. செய்தால் அது நடத்தை மீறல் என்று அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சம்மன் வந்தால் பதறாதீர்கள். சாட்சிக் கூண்டில் உங்கள் பதிவைப் பார்த்துச் சொல்ல அனுமதி கேட்கலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அரசுத் தரப்பு கூப்பிட்டதால் நீங்கள் அரசுத் தரப்பின் ஆள் ஆகிவிட மாட்டீர்கள்.

ஒரு சின்ன வேண்டுகோள்: ஒவ்வொரு பதிவின் கீழும் கையெழுத்தோடு பெயர், பதிவு எண், தேதி, நேரத்தைப் படிக்கும்படி எழுதுங்கள்.