காலிழுக்கும் நாய்க்கு ஓய்வு மட்டும் போதுமா?

தமிழ்ப்பள்ளியில் ‘என் செல்லப்பிராணி’ என்ற கட்டுரையை நம்மில் எழுதாதவர் குறைவு. அதில் நாய்க்கு அடிபட்டால் கட்டுப் போடுவோம். அடுத்த வரியில் அது துள்ளிக் குதிக்கும். அந்த இரண்டு வரிகளுக்கும் இடையில் நடப்பதுதான் இயன்முறை மருத்துவம். கால்நடை மருத்துவம் பயிலும் எனக்கு, பாடங்களிலேயே மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

மூட்டிலுள்ள குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அசையும்போது, பஞ்சைப் பிழிந்து விடுவதுபோல, மூட்டுத் திரவம் உள்ளே சென்று ஊட்டம் தருகிறது. வாரக்கணக்கில் அசைவில்லாவிட்டால் மூட்டு இறுகும், தசை மெலியும். எலும்பு சேர்ந்த பிறகும் நாய் மூன்று காலில் நடக்கும்.

நீண்ட முதுகும் குட்டைக் கால்களும் உடைய டாக்ஸ்ஹண்ட் நாயை எடுத்துக்கொள்வோம். முதுகெலும்புகளுக்கிடையே மெத்தைபோல் இருக்கும் வட்டு, இந்த இனத்தில் இளவயதிலேயே கெட்டியாகிவிடுகிறது. அது பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தினால் பின்கால்கள் செயலிழக்கும். “பாவம், ஊசி போட்டு அனுப்பிவிடலாம்” என்ற பேச்சு இங்கேதான் தொடங்குகிறது.

மருத்துவர் பின்கால் விரலை அழுத்திக் கிள்ளிப் பார்ப்பார். கால் பின்னுக்கு இழுத்தால் மட்டும் மகிழ வேண்டாம். அது மூளைக்குத் தெரியாமலே நடக்கும் அனிச்சைச் செயல். நாய் திரும்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா என்பதே கேள்வி. வலி மூளையை எட்டுகிறது என்றால் மீண்டும் நடக்க நல்ல வாய்ப்புண்டு. வலியே தெரியாத நிலையிலும் உடனடி அறுவையால் எழுந்து நடந்த நாய்கள் உண்டு.

அறுவையோ கூண்டு ஓய்வோ, அதன்பின் பயிற்சி படிப்படியாக வரும். முதலில் படுத்த நிலையில் ஒவ்வொரு மூட்டையும் மெல்ல மடக்கி நீட்டுவார்கள். பிறகு வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்து நிற்க வைப்பார்கள். (ஆம், குளிக்கும் துண்டுதான்!) அடுத்து, தண்ணீர்த் தொட்டிக்குள் ஓடும் டிரெட்மில். இடுப்பு மூட்டு வரை தண்ணீர் இருந்தால் கால்கள் தாங்குவது உடல் எடையில் ஏறக்குறைய 38 விழுக்காடு. முழங்கால் மட்டமென்றால் 85. தசை தேறத் தேறத் தண்ணீரைக் குறைப்பார்கள்.

உங்கள் வீட்டு நாய் திடீரென்று பின்கால்களை இழுத்தால், எண்ணெய் தேய்த்து உருவிவிடாதீர்கள். பலகையில் கிடத்தி, அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஊசி என்ற பேச்சு வந்தால், விரலைக் கிள்ளியபோது என்ன தெரிந்தது என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.