பிரசவத்தில் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு இழப்பீடு: பெற்றோர் அறிய வேண்டியவை



பிரசவ நேரத்தில் மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் உண்டு. தோள் சிக்கி, இழுத்ததில் கை நரம்பு செயலிழந்த குழந்தைகளும் உண்டு. இவர்களின் பெற்றோரிடம் இழப்பீடு பற்றிப் பேசினால், "அல்லாஹ்வின் நாட்டம் நடந்துவிட்டது, இனி வழக்குப் போட்டு என்ன ஆகப்போகிறது?" என்ற பதிலே பெரும்பாலும் வருகிறது. இந்தப் பதில் ஈமானிலிருந்து வருகிறது என்பதை மதிக்கிறோம். ஆனால் அதன் சுமையைக் காலமெல்லாம் சுமக்கப்போவது குழந்தை. ஆகவே இம்மாதப் பாடமாக இதை எடுத்துக்கொள்கிறோம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

தவறுதலாக நிகழும் மரணமும் அல்லாஹ்வின் விதிப்படியே நிகழ்கிறது. இருந்தும் சூரா நிஸாவின் 92ஆம் வசனம் அதற்குத் தியத் என்னும் ஈட்டுத்தொகையைக் கடமையாக்குகிறது. ஆக, கத்ரை ஏற்பதும் உரிமையைக் கேட்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. மருத்துவ அறிவில்லாமல் மருத்துவம் செய்பவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் ஹதீஸ் உள்ளது. அதேவேளை, தகுதியுள்ள மருத்துவர் முறைப்படி செய்தும் விளைவு மோசமானால் அவர் மீது குற்றமில்லை என்பது ஃபுகஹாக்களின் நிலைபாடு.

பெற்றோர் தங்களுக்கு நேர்ந்த வேதனையை மன்னிக்கலாம், அது நற்கூலிக்குரியது. குழந்தைக்குரிய பொருளுக்கோ அவர்கள் காவலர்கள் மட்டுமே. அதை விட்டுக்கொடுக்கும் முன் ஆலிம்களிடம் கேளுங்கள்.

எது கவனக்குறைவு?

மூளை முடக்குவாதம் உள்ள எல்லாக் குழந்தைகளும் பிரசவத்தில் பாதிக்கப்பட்டவர்கள் அல்லர். கருவில் ஏற்பட்ட தொற்று, குறைப்பிரசவம், மரபுக் காரணங்கள் என்று பல உண்டு. அந்தத் துறையில் சராசரித் திறமையுள்ள ஒரு மருத்துவர் செய்திருக்க வேண்டியதைச் செய்யாமல் விட்டாரா, அதனால்தான் பாதிப்பு வந்ததா என்ற இரண்டையும் நீதிமன்றம் பார்க்கும். குழந்தையின் இதயத்துடிப்பு குறைவதைக் கவனிக்காமல் விட்டது, அவசர அறுவையை வெகுநேரம் தாமதித்தது போன்றவை இதில் வரலாம். ஆத்திரத்தில் பொய் சேர்த்து எழுதுவது ஹராம். வழக்கையும் அதுவே கெடுக்கும்.

முதல் வேலை: ஆவணங்கள்

முழு மருத்துவப் பதிவையும் எழுத்து மூலம் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. கேஸ் ஷீட், பிரசவ முன்னேற்றப் பதிவு, இதயத்துடிப்புப் பட்டை, அப்கார் மதிப்பெண், பச்சிளங்குழந்தைப் பிரிவின் குறிப்புகள் எல்லாம் வேண்டும். 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளிப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கியதிலிருந்து 3 ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்றும் அதே விதி சொல்கிறது. தாமதித்தால் காகிதமே இல்லாமல் போகலாம். பிறகு வேறொரு மகப்பேறு நிபுணரிடமும் குழந்தை நரம்பியல் நிபுணரிடமும் காட்டி எழுத்தில் கருத்துப் பெறுங்கள்.

எங்கே போவது?

1995இல் உச்சநீதிமன்றம், கட்டணம் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்பளித்தது. 1998இல், குழந்தையும் பெற்றோரும் தனித்தனியே இழப்பீடு பெறலாம் என்றது. மருத்துவமனைக்குச் செலுத்திய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்யலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம். அந்தத் தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. காலக்கெடு 2 ஆண்டுகள். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையம் மன்னிக்கலாம்; அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை அந்தச் சட்டத்துக்குள் வராது என்றும் 1995 தீர்ப்பு சொல்கிறது. அங்கே நடந்ததற்கு உரிமையியல் நீதிமன்றத்தையோ உயர்நீதிமன்றத்தையோ நாட வேண்டியிருக்கும். அரசு மருத்துவமனை என்பதால் பொறுப்பு இல்லை என்று பொருளல்ல. 1996இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29ஆம் வாரத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யப்படாததால் பார்வை போனது. 2015இல் உச்சநீதிமன்றம் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் வழங்கத் தீர்ப்பளித்தது. அந்தக் குடும்பம் 19 ஆண்டுகள் பொறுமையோடு ஆவணங்களைக் காத்து நின்றது.

உடனே காவல் நிலையத்துக்குப் போவதே சிலரின் வழக்கம். மருத்துவர் மீது குற்ற வழக்கு நிற்க மிகக் கடுமையான கவனக்குறைவு நிரூபிக்கப்பட வேண்டும் என்று 2005இல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இழப்பீட்டு வழக்குக்கு அவ்வளவு தேவையில்லை.

வக்கீல் செலவுக்கு வழியில்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

சமரசம் பேச வந்தால்

சிலர் கொஞ்சம் பணத்தோடு வந்து வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். ஜமாஅத் பெரியவர்கள் முன்னிலையில் என்றாலும் கையெழுத்திடாதீர்கள். உரிமையியல் வழக்கு நடக்கையில் சிறார் சார்பில் சமரசம் செய்ய நீதிமன்ற அனுமதி தேவை. தொகையைக் கணக்கிடும்போது இன்றைய பில்லை மட்டும் பார்க்காமல், பிசியோதெரபி, சக்கர நாற்காலி, பராமரிப்பவர், பெற்றோருக்குப் பிந்தைய காலம் எல்லாவற்றையும் சேருங்கள்.

கிடைக்கும் பணம் அந்தக் குழந்தையின் அமானத். அக்காவின் நிக்காஹ்வுக்கோ வீட்டுக் கடனுக்கோ அதில் கை வைப்பது கூடாது.

வழக்கு முடியும்வரை சிகிச்சை காத்திருக்கக் கூடாது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை இப்போதே பெறுங்கள். மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உதவி உண்டு. மனு எழுதவோ ஆவணங்களை அடுக்கவோ துணை வேண்டுமானால் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். இயன்றதைச் செய்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

அந்தப் பிள்ளைகளுக்கு ஷிஃபாவையும், பெற்றோருக்கு அழகிய பொறுமையையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.