விரல் நுனியில் கம்ப்யூட்டர்: பிரெய்ல் கருவி வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



கோடை விடுமுறையில் பார்வையற்ற மாணவர்கள் தங்கிப் படிக்கும் ஒரு விடுதிக்குக் கம்ப்யூட்டர் சரிபார்க்கப் போயிருந்தேன். அங்கே பீரோவில் துணி சுற்றி ஒரு கருவி இருந்தது. "இது என்ன சார்?" என்று கேட்டேன். "பிரெய்ல் டிஸ்ப்ளே தம்பி. ஒருத்தர் நன்கொடையா கொடுத்தாரு. பழைய சீரியல் கேபிள்ல வேலை செய்யும். இப்ப இருக்கிற கம்ப்யூட்டர்ல அந்த போர்ட்டே இல்ல, டிரைவரும் கிடைக்கல" என்றார் வார்டன். இலட்சத்தைத் தாண்டும் பொருள் பீரோவில் தூங்குகிறது! கொடுத்தவர் மனசு நல்ல மனசுதான். கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்காமல் வாங்கியதுதான் தப்பு. அந்தக் கேள்விகள் என்னென்ன என்று சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேசும் கம்ப்யூட்டர் போதாதா?

திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள்கள் உண்டு. ஜாஸ் விலை கொடுத்து வாங்குவது. 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கிய என்விடிஏ இலவசம். லினக்ஸில் ஆர்கா இருக்கிறது. பிறகு பிரெய்ல் எதற்கு?

காதால் கேட்டால் கதை புரியும், எழுத்து தெரியாது. 'அரம்' எது, 'அறம்' எது? கம்ப்யூட்டர் குரலில் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். ல, ள, ழ விஷயமும் அப்படித்தான். நம் சி புரோகிராமில் ஒரு செமிகோலன் விட்டுப்போனால் படும் பாடு நமக்குத் தெரியும். அதைக் காதால் தேடிப் பாருங்கள்! காதும் கேளாத, கண்ணும் தெரியாத ஒருவருக்கோ விரல் ஒன்றுதான் வழி.

எப்படி வேலை செய்கிறது?

லூயி பிரெய்ல் 1829-ல் வெளியிட்ட முறையில் ஒரு எழுத்துக்கு ஆறு புள்ளிகள். இடது பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலது பக்கம் 4, 5, 6. இரண்டின் அடுக்கு ஆறு, அதாவது 64 வடிவங்கள். கம்ப்யூட்டருக்கு இது பத்தாது. எனவே கீழே 7, 8 என்று இரண்டு புள்ளிகளைச் சேர்த்தார்கள். இப்போது 256 வடிவங்கள். ஆக, ஒரு செல் என்பது ஒரு பைட்! நம்ம சப்ஜெக்ட்டுக்கு வந்துவிட்டோம் பார்த்தீர்களா?

ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு ஊசி. அதன் அடியில் பீசோ எலக்ட்ரிக் பட்டை ஒன்று இருக்கும். மின்னழுத்தம் கொடுத்தால் பட்டை வளைந்து ஊசியை மேலே தள்ளும். இதற்குச் சுமார் 200 வோல்ட் வேண்டும். யுஎஸ்பி தருவதோ 5 வோல்ட். ஆகவே உள்ளே ஒரு டிசி-டிசி கன்வர்ட்டர் இருக்கும். பட்டை ஒரு கெப்பாசிட்டர் போல நடந்துகொள்வதால் கரண்ட் மிகக் குறைவு. 40 செல் கருவியில் 40 × 8 = 320 ஊசிகள், 320 பட்டைகள். விலை ஏன் ஏறுகிறது என்று இப்போது புரிகிறதல்லவா?

கேட்க வேண்டிய கேள்விகள்

1. என்ன வேலைக்கு?
பஸ்ஸில் போகும்போது கதை படிக்கவா, மேசையில் உட்கார்ந்து புரோகிராம் எழுதவா? இதை முடிவு செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள்.

2. எத்தனை செல்?
14, 20, 32, 40, 80 என்று கிடைக்கின்றன. ஒரு செல்லுக்குச் சுமார் 6 மி.மீ. இடம் பிடிக்கும். 40 செல் என்றால் 24 செ.மீ., லேப்டாப்பின் முன்னால் வைத்துக்கொள்ளலாம். 80 என்றால் 48 செ.மீ., தூக்கிக்கொண்டு அலைய முடியாது. 80 எழுத்துள்ள ஒரு வரியை 80 செல்லில் ஒரே மூச்சில் படிக்கலாம். 40-ல் இரண்டு முறை, 20-ல் நான்கு முறை பட்டனை அழுத்த வேண்டும். புரோகிராம் எழுத 40-க்குக் குறைந்தால் கஷ்டம். கதை படிக்க 20 தாராளம்.

3. ஸ்கிரீன் ரீடருக்குத் தெரிந்த கருவியா?
அந்தப் பீரோ கதை இங்கேதான் தொடங்கியது. பயன்படுத்தப் போகிறவரின் ஸ்கிரீன் ரீடர் ஆதரிக்கும் கருவிகளின் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2018-ல் யுஎஸ்பி அமைப்பு பிரெய்ல் டிஸ்ப்ளேக்களுக்கென்று ஹெச்ஐடி என்ற பொதுத்தரத்தை அறிவித்தது. கீபோர்டு, மவுஸ் போலத் தனி டிரைவர் இல்லாமல் இயங்குவதற்கான ஏற்பாடு இது. அந்தத் தரத்தில் உள்ள கருவி நாளைக்கும் உதவும்.

4. தமிழ் வருமா?
இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் 1951-ல் உருவானது. தமிழ் 'அ'வும் ஆங்கில 'ஏ'யும் ஒரே புள்ளி 1. 'க'வும் 'கே'யும் 1, 3. ஊசிகளுக்கு மொழி கிடையாது. எந்த எழுத்துக்கு எந்தப் புள்ளி என்று தீர்மானிப்பது மென்பொருளில் உள்ள அட்டவணை. இன்னொன்று: அச்சில் 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. பிரெய்லில் உச்சரிப்பு வரிசைப்படி 'க' முதலில், 'எ' பின்னால். இந்த வேலையைச் சரியாகச் செய்கிறதா என்று 'கெ', 'கொ', 'தமிழ்' என்று அடித்துப் பார்த்துவிடுங்கள்.

5. கர்சர் ரூட்டிங் பட்டன் உண்டா?
ஒவ்வொரு செல்லின் மேலும் ஒரு சின்ன பட்டன். அழுத்தினால் கர்சர் நேராக அந்த எழுத்துக்கே வந்துவிடும். திருத்தும் வேலைக்கு இது மிக அவசியம். ஆர்பிட் ரீடர் 20 என்ற கருவியை விலை குறைவாகக் கிடைக்க வேண்டும் என்றே செய்தார்கள். புள்ளிகள் உறுதியாக நிற்கும். ஆனால் வரி மாறச் சற்று நேரமாகும், சத்தமும் வரும். முதலில் வந்த மாடலில் இந்தப் பட்டன் கிடையாது. படிக்க நல்லது, புரோகிராம் திருத்தச் சிரமம்.

6. ரிப்பேர் எங்கே?
ஊசி இருக்கும் இடத்தில் விரல் அழுக்கும் தூசியும் சேரும். நாளாவட்டத்தில் சில புள்ளிகள் எழும்பாது. ஒரு புள்ளி போனால் எழுத்தே மாறிவிடும். செல்லைக் கழற்றி மாற்றலாமா, இங்கேயே ஆள் உண்டா, வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமா என்று கேளுங்கள்.

காகிதத்தில் வேண்டுமென்றால்

கேள்வித்தாள், பாடக்குறிப்பு போன்றவற்றைக் காகிதத்தில் குத்தித் தருவது எம்பாசர். டிஸ்ப்ளே ஒருவருக்கு, எம்பாசர் ஒரு நிறுவனத்துக்கு. ஜெராக்ஸ் பேப்பர் தாங்காது, தடித்த தாள் வேண்டும். சத்தம் அதிகம் என்பதால் வகுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பல வரிகளை ஒன்றாகக் காட்டும் டிஸ்ப்ளேக்களும் வந்துள்ளன. இங்கிலாந்தின் கனூட் 360 கருவியில் 9 வரிகள், வரிக்கு 40 செல். பெருக்கினால் பெயரிலுள்ள 360.

முடிவுரை

கடைசியாக நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டிய ஒன்று. இறுதியாண்டு புராஜக்ட்டில் ஆறு சோலனாய்டு வைத்து ஒற்றைச் செல் செய்து, 'பார்வையற்றோருக்கான கருவி' என்று பெயர் வைக்கிறோம். நானும் அதைத்தான் செய்வதாக இருந்தேன். விடுதி மாணவர் ஒருவரிடம் படம் விளக்கிச் சொன்னேன். சிரித்தார். "விரலை வச்சுகிட்டே இருந்தா எப்படிண்ணே படிக்கிறது? விரல் ஓடணும்" என்றார். உண்மைதான். பிரெய்ல் படிக்கும் விரல் வரியின் மேல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த அசைவில்தான் எழுத்து தெரிகிறது. மூன்று வருஷம் படித்த எனக்குத் தெரியாததை அவர் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.

எனவே வாங்குவதானாலும் சரி, செய்வதானாலும் சரி, ஏழாவது கேள்வியை முதலில் கேளுங்கள்: பயன்படுத்தப் போகிறவரின் விரல் இதன் மேல் ஒரு மணி நேரமாவது ஓடியதா? அவர் "சரி" என்று சொன்ன பிறகு பணத்தை எடுங்கள். பீரோவில் இன்னொரு கருவி தூங்க வேண்டாம்.